காத்திருந்த பாடமும் காத்திராத வகுப்பும்: பெருந்தொற்றுக் கால உயர்கல்வியின் வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

2020 மார்ச்சில் இந்திய உயர்கல்வி இணையத்திற்கு மாறிய நிகழ்வு பெரும்பாலும் ஒரே விதமாகவே எழுதப்படுகிறது. கல்லூரிகள் மூடப்பட்டன; சில வாரங்களில் ஆசிரியர்கள் திரைக்கு முன் அமர்ந்தார்கள்; முன்னுதாரணமற்ற சூழலில் முன்னுதாரணமற்ற மாற்றம் நிகழ்ந்தது என்பதே அவ்விவரிப்பின் சாரம். சூழல் முன்னுதாரணமற்றது என்பதில் ஐயமில்லை. மாற்றத்தைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. வகுப்பறைக்கு வர இயலாத மாணவரிடம் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் பணியில் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அன்று ஐம்பத்தெட்டு ஆண்டு அனுபவம் இருந்தது. அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் என ஐந்து ஊடகங்களிலும் அவை அப்பணியைச் செய்து பார்த்திருந்தன. அவ்வனுபவம் தேவைப்பட்ட நாளில் ஏன் பயன்படவில்லை என்பதே பெருந்தொற்றுக் காலக் கல்வி வரலாற்றின் மையக் கேள்வி. பாடத்தைக் காட்டிலும் கால அட்டவணையையும் வருகைப்பதிவையும் தேர்வையும் இணையத்திற்கு இடம்பெயர்ப்பதிலேயே நிறுவனங்கள் முனைந்தன என்பது இக்கட்டுரை முன்வைக்கும் விடை.

அஞ்சலில் தொடங்கிய மரபு

1961இல் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. கல்லூரியில் இடம் கிடைக்காதவர், வேலைக்குச் செல்பவர், வீட்டைவிட்டு வெளியேற இயலாத பெண்கள் ஆகியோரை நோக்கிய ஏற்பாடு அது. அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் சென்றன. குறிப்பிட்ட நாள்களில் நேர்முக வகுப்புகள் நடந்தன. தேர்வு, தேர்வு மையத்தில் நடந்தது. 1982இல் ஐதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது அம்பேத்கரின் பெயரைப் பெற்றது. அதன் முதல் துணைவேந்தரான ஜி. ராம் ரெட்டியே 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற்கும் முதல் துணைவேந்தரானார். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நடைமுறை கவனத்திற்குரியது. ஒரு பாடநூலைத் தனி ஆசிரியர் எழுதுவதில்லை. பாட வல்லுநர், மொழி வல்லுநர், தொலைநிலைக் கல்வி வடிவமைப்பாளர் ஆகியோர் அடங்கிய குழு உருவாக்குகிறது. ஆசிரியர் அருகில் இல்லை என்ற உண்மை அப்பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கணக்கில் கொள்ளப்படுகிறது. எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார், எங்கே நின்று தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பன முன்கூட்டியே எழுதப்படுகின்றன. வார இறுதிகளில் படிப்பு மையங்களில் ஆலோசனை வகுப்புகள் நடக்கின்றன. ஒப்படைப்புகள் திருத்தப்பட்டுக் குறிப்புகளுடன் திரும்புகின்றன.

ஒளிபரப்பும் இதே வழியில் சென்றது. மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷன் வழியாக ‘நாடு தழுவிய வகுப்பறை’ நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. கல்லூரி மாணவருக்கான அந்நிகழ்ச்சிகள், கல்லூரியே இல்லாத ஊர்களின் வீடுகளையும் எட்டின. 2000இல் ஞான தர்ஷன் தொலைக்காட்சி வந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் பொறியியல், அறிவியல் பாடங்களின் முழு விரிவுரைகளையும் பதிவுசெய்து எவரும் காணும்படி வைத்தது. 2017 ஜூலையில் ‘ஸ்வயம்’ தளமும், அதனோடு ‘ஸ்வயம் பிரபா’ என்னும் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கின.

கடிதத்திலிருந்து காணொலி வரையிலான இம்முயற்சிகளுக்கிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பாடம் மாணவருக்காகக் காத்திருந்தது. இரவுப் பணி முடிந்து வந்தவர் பத்து மணிக்கு மேல் பாடத்தைத் திறக்கலாம். அறுவடைக் காலத்தில் இரண்டு வாரம் மூடி வைக்கலாம். ஒளிபரப்புக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தபோதும், நிகழ்ச்சியைத் தவறவிட்டவர் மாணவர் என்னும் தகுதியை இழந்துவிடவில்லை.

இம்மரபைப் பொற்காலமாகக் காட்டுவதும் பிழையாகும். தாமதமாக வந்த பாடப்பொதிகள், பெயரளவில் நடந்த நேர்முக வகுப்புகள், பட்டத்தின் மதிப்பு குறித்த தீராத ஐயம் ஆகியன அதனோடு ஒட்டியே வந்தன. முழுநேரத் துறைகள் தொலைநிலைக் கல்வி நிறுவனங்களைப் பல்கலைக்கழகத்தின் பின்கட்டாகவே நடத்தின. வருவாய் அங்கிருந்து வந்தது. மரியாதை அங்கே செல்லவில்லை. ஸ்வயம் பாடங்களிலிருந்து பெறும் மதிப்பெண்ணை ஒரு பருவத்தின் மொத்தத்தில் 20 சதவீதத்திற்கு மிகாமல் ஏற்கலாம் என 2016ஆம் ஆண்டு விதிமுறை வரையறுத்தது. அந்த வரம்புக்குள்கூட அதைப் பயன்படுத்தத் துறைகள் ஆர்வம் காட்டவில்லை. தொலைநிலைக் கல்வியின் அறிவு எங்கே சேர்ந்திருந்ததோ, அங்கிருந்து அதைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் முழுநேரக் கல்விக்கு இருந்ததே இல்லை. 2020இல் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இப்பிளவே முதல் திறவுகோல்.

மார்ச் முதல் ஏப்ரல் வரை

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 16 அன்று கல்வி நிறுவனங்களை மூடுமாறு ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. விடுதிகள் காலி செய்யப்பட்டன. சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் மாணவர்கள் நூல்களையும் குறிப்பேடுகளையும் அறைகளிலேயே விட்டுச் சென்றார்கள். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட பொதுமுடக்கம் நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது.

உயர்கல்வி குறித்த அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி 2019-20ஆம் கல்வியாண்டில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 3.85 கோடி. இவர்கள் திரும்பிச் சென்ற வீடுகளின் நிலையை அரசின் புள்ளிவிவரமே முன்னதாகப் பதிவுசெய்திருந்தது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றின்படி, கணினி இருந்த குடும்பங்கள் ஊரகத்தில் 4.4 சதவீதம், நகரத்தில் 23.4 சதவீதம். இணைய வசதி இருந்த குடும்பங்கள் ஊரகத்தில் 14.9 சதவீதம், நகரத்தில் 42 சதவீதம். 2016இல் தொடங்கிய மலிவு விலைத் தரவுப் போட்டிக்குப் பின்னர் எடுக்கப்பட்ட கணக்கு இது. கருவி குறித்த கேள்வியும் புதிதன்று. மாணவர் கைக்கு மலிவு விலைக் கணினியைத் தரும் நோக்குடன் 2011 அக்டோபரில் ‘ஆகாஷ்’ கைக்கணினி வெளியிடப்பட்டது. அத்திட்டம் சில ஆண்டுகளில் தேய்ந்தது. கேள்வி விடையின்றி நின்றது.

ஏப்ரல் 29 அன்று மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல் இக்காலத்தின் முக்கியமான ஆவணங்களுள் ஒன்று. பாடத்திட்டத்தில் சுமார் 25 சதவீதத்தை இணையவழியிலும் 75 சதவீதத்தை நேரடியாகவும் நடத்தும் வகையில் ஆசிரியர்களை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று அது கூறியது. பொதுமுடக்கக் காலம் முழுவதும் மாணவர்களும் ஆய்வாளர்களும் வருகை தந்தவர்களாகவே கருதப்படலாம் என்றது. மூன்று மணி நேரத் தேர்வை இரண்டு மணி நேரமாகக் குறைக்கவும், நிலைமை சீராகாவிடில் இடைப்பருவ மாணவரை அகமதிப்பீடும் முந்தைய பருவ மதிப்பெண்ணும் கொண்டு தேர்ச்சி செய்யவும் வழிவிட்டது. எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வாளருக்கு ஆறு மாத நீட்டிப்பு தந்தது; வாய்மொழித் தேர்வைக் காணொலி வழியே நடத்தவும் இசைந்தது. நிறுவனம் தன் விதிகளைத் தளர்த்தி மாணவருக்காகக் காத்திருக்க முன்வந்த தருணம் அது. அத்தருணம் நெடுநாள் நீடிக்கவில்லை.

நேரலை வகுப்பு ஏன் வென்றது

கல்லூரிகள் அன்றாடம் நடத்தியது எது? காலை ஒன்பது மணிக்கு முதல் பாடவேளை, அடுத்து இரண்டாவது என்று வழக்கமான அட்டவணையை அப்படியே ஜூம், கூகுள் மீட் போன்ற தளங்களுக்கு மாற்றியதே பரவலாக நிகழ்ந்தது. மடிக்கணினியும் கம்பிவழி இணைப்பும் உடையவருக்கு மட்டுமே இயல்பாகப் பொருந்தும் வடிவம் இது. மொபைலில், நாளொன்றுக்கு இத்தனை ஜி.பி. என்ற அளவுத் திட்டத்தில், ஒற்றைக் கோபுரத்தின் சிக்னலை நம்பி இருந்தவருக்கு எல்லா வடிவங்களிலும் கடினமானது இதுவே. அச்சுப்பாடம், ஒலிப்பதிவு, சிறு காணொலி, தொலைபேசி ஆலோசனை என எளிய வழிகள் இருந்தும் கடினமானதே தேர்ந்துகொள்ளப்பட்டதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, சான்று. வகுப்பு நடந்தது என்பதை நிறுவனம் தன் மேலாண்மைக்கும் மேலமைப்புகளுக்கும் காட்ட வேண்டியிருந்தது. கட்டணத்தை நம்பிய கல்லூரிகளுக்குப் பெற்றோரிடமும் காட்ட வேண்டியிருந்தது. ஆசிரியரின் பணிச்சுமை பாடவேளைகளாலேயே கணக்கிடப்படுகிறது. மாணவருக்கு ஒலிப்பதிவு அனுப்பிய ஆசிரியரின் அரைநாள் உழைப்பை எந்தப் படிவத்தில் பதிவது என்பதற்கு விடை இல்லை. நேரலை வகுப்போ இணைந்தவர் பட்டியலைத் தானே தந்தது, திரைப்பதிவும் கிடைத்தது. ‘வருகை தந்தவராகக் கருதலாம்’ என்று மானியக் குழு சொன்னபின்னும் வருகை எடுக்கும் வழக்கம் பல இடங்களில் தொடர்ந்ததற்கு இதுவே விளக்கம்.

இரண்டாவது, ஆயத்தமின்மை. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு பாடத்தைப் பல மாதங்கள் செலவிட்டு உருவாக்கியது. முழுநேரக் கல்லூரி ஆசிரியருக்குக் கிடைத்தது ஒரு வார இறுதி. முன்பு கரும்பலகை முன் பேசியதையே திரை முன் பேசுவது மட்டும்தான் அவரால் உடனடியாகச் செய்யக்கூடியதாக இருந்தது. அக்கருவிகளும் அலுவலகக் கூட்டங்களுக்கென வடிவமைக்கப்பட்டவை. இலவசப் பயன்பாட்டில் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படும் ஜூம் அழைப்புக்கு ஏற்பப் பாடவேளையைச் சுருக்கிக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. கருவியின் வணிக விதி கற்பித்தலின் அளவையே தீர்மானித்தது.

மூன்றாவது, மதிப்பு. பதிவுசெய்த பாடத்தையும் அச்சுப்பாடத்தையும் மையமாகக் கொள்வது முழுநேரக் கல்வி தன்னைத் தொலைநிலைக் கல்வியாக ஒப்புக்கொள்வதற்குச் சமம். அறுபதாண்டுகளாகப் பேணிய வேறுபாட்டை நெருக்கடியிலும் கைவிட நிறுவனங்கள் முன்வரவில்லை. நேரலை வகுப்பு அவ்வேறுபாட்டைத் தோற்றத்தளவிலாவது காத்தது.

காஷ்மீர்: வேறொரு சோதனை

இந்தத் தேர்வு ஒன்றே சாத்தியமானது என்ற வாதத்தைச் சோதிக்க ஒரு களம் இருந்தது. 2019 ஆகஸ்ட் 5 முதல் ஜம்மு காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டிருந்தது. 2020 ஜனவரி இறுதியில், அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கு மட்டும், 2ஜி வேகத்தில் கைப்பேசி இணையம் திரும்பியது. மார்ச்சில் தளக் கட்டுப்பாடு நீங்கியது. வேகக் கட்டுப்பாடு நீடித்தது. பெருந்தொற்று வந்தபோது நாட்டின் பிற பகுதி மாணவர் காணொலி வகுப்புக்கு அழைக்கப்பட்டார்கள். காஷ்மீர் மாணவரிடம் இருந்த வேகத்தில் ஒரு படமே முழுதாக இறங்க நிமிடங்கள் ஆயின. 4ஜி சேவையை மீட்கக் கோரிய மனுக்களில் கல்வியும் ஒரு காரணமாக வாதிடப்பட்டது. தனியார் பள்ளிகளின் சங்கம் மனுதாரர்களுள் ஒன்று. 2020 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நேரடியாக உத்தரவிடாமல், ஆராய்வதற்குச் சிறப்புக் குழுவை அமைத்தது. ஆகஸ்டில் கந்தர்பால், உதம்பூர் மாவட்டங்களுக்கு மட்டும் சோதனை முறையில் 4ஜி திரும்பியது. முழுப் பகுதிக்கும் திரும்பிய நாள் 2021 பிப்ரவரி 5. இடையில் கழிந்தவை பதினெட்டு மாதங்கள்.

அக்காலத்தில் அங்குப் பல ஆசிரியர்கள் ஒலிப்பதிவுத் துணுக்குகளையும் பி.டி.எஃப். குறிப்புகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒருமுறை இறங்கிவிட்டால் பலமுறை கேட்கக்கூடிய, இணைப்பு அறுந்தாலும் அறுந்துபோகாத பாடங்கள் அவை. தேர்ந்துகொண்ட வழி என்று அதைச் சொல்ல முடியாது. மறுக்கப்பட்ட வசதிக்கு மாற்றாகக் கண்டடைந்த வழி. ஆயினும் 1962இன் அஞ்சல்பொதி மரபுக்கு மிக நெருங்கிய வடிவத்தை நோக்கி நாட்டின் மிக மெதுவான இணையம் ஆசிரியர்களைத் தள்ளியது என்பது வரலாற்று உண்மை. இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். 2ஜியில் ஓரளவு கற்பிக்க முடிந்தது என்பது முடக்கத்திற்கு நியாயமாகாது. இதழ்க் கட்டுரைகள், தரவுத்தளங்கள், சேர்க்கை விண்ணப்பங்கள், நேர்காணல்கள் ஆகியவற்றில் அம்மாணவர் இழந்தவற்றை ஒலிப்பதிவு ஈடுசெய்யவில்லை.

தேர்வு என்னும் திருப்புமுனை

ஏப்ரலில் தளர்ந்த விதி ஜூலையில் இறுகியது. இறுதிப்பருவத் தேர்வுகளை 2020 செப்டம்பர் இறுதிக்குள் கட்டாயம் நடத்த வேண்டும்; நேரடியாகவோ இணையவழியிலோ இரண்டும் கலந்தோ நடத்தலாம் என ஜூலை 6 அன்று மானியக் குழு திருத்திய வழிகாட்டுதல் கூறியது. மகாராஷ்டிரம் தேர்வுகளை நடத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. டெல்லி அரசும் தன் ஆளுகையிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு அவ்வாறே அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆகஸ்ட் 28 தீர்ப்பு மானியக் குழுவின் நிலைப்பாட்டை உறுதிசெய்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் தேர்வைத் தள்ளிவைக்கக் கோரலாம். தேர்வின்றிப் பட்டம் வழங்கும்படி செய்ய இயலாது என்பது அதன் சாரம்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ‘புத்தகம் பார்த்து எழுதும்’ இணையத் தேர்வில் இந்நெருக்கடி கூர்மையாக வெளிப்பட்டது. ஜூலை 1 என்றும், பின்னர் ஜூலை 10 என்றும் அறிவிக்கப்பட்ட தேர்வு, மாதிரித் தேர்வுகளில் தளம் தடுமாறியதையும் நீதிமன்ற விசாரணைகளையும் கடந்து ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. வினாத்தாளை இறக்கி, தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, குறித்த நேரத்திற்குள் பதிவேற்ற வேண்டும். பார்வையற்ற மாணவர்கள் எழுப்பிய கேள்விகள் அடிப்படையானவை: தனித்திருக்க வேண்டிய காலத்தில் சொல்வதை எழுதுபவரை எங்கே தேடுவது? படங்களாக வரும் பாடப்பக்கங்களைத் திரைவாசிப்பான் எவ்வாறு படிக்கும்? வசதியற்றோர் பொதுச் சேவை மையங்களுக்குச் செல்லலாம் என்று பல்கலைக்கழகம் கூறியபோது, அம்மையங்களில் அவர்களுக்கு உரிய உதவி உண்டா என்பதும் நீதிமன்றத்தில் விவாதப் பொருளானது. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் அவ்வழக்கில் பங்கேற்றது.

அதே தேர்வை எழுதியவர்களுள் அஞ்சல்வழிக் கல்வியின் வாரிசான திறந்தநிலைக் கல்விப் பள்ளியின் மாணவர்களும் இருந்தார்கள். கல்லூரிக்கு வர இயலாதவருக்காக 1962இல் தொடங்கப்பட்ட ஏற்பாட்டின் மாணவர், 2020இல் இணைப்பின் வேகத்தைக் கொண்டு அளக்கப்பட்ட காட்சி இது. தொலைநிலைக் கல்வியிடமிருந்து முழுநேரக் கல்வி எதையும் கற்கவில்லை. தன் அவசர முறையைத் தொலைநிலை மாணவர் மீது சுமத்தியது.

வீடு, ஆய்வகம், ஆவணக்காப்பகம்

வகுப்பறை என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமன்று. வீட்டு வேலையிலிருந்தும் கண்காணிப்பிலிருந்தும் சில மணி நேரம் விலக்களிக்கும் இடமும் ஆகும். பெண்களுக்கு இவ்விலக்கு பாடத்தினும் முக்கியமாக இருந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம். பெண்கள் 33 சதவீதம். தமக்கெனப் பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் ஏறத்தாழ 54 சதவீதம். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, தம்பிக்கும் அக்காளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால், அது யாருக்குச் சென்றிருக்கும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. காத்திருக்கும் பாடமாயின் இருவரும் அடுத்தடுத்துக் கற்றிருக்கலாம். நேரலை வகுப்பு ஒருவரைத் தேர்ந்துகொள்ளும்படி குடும்பத்தை நிர்ப்பந்தித்தது.

ஆய்வு மாணவரிடையேயும் ஒரு பிரிவினை நிகழ்ந்தது. 2020 செப்டம்பர் இறுதியில் வெளியான தளர்வு விதிகள், அக்டோபர் 15 முதல் ஆய்வக வேலை தேவைப்படும் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுகளின் பிஎச்.டி., முதுகலை மாணவர்களுக்கு வளாகத்தைத் திறக்க இசைந்தன. குடுவையும் நுண்ணோக்கியும் இன்றி வேதியியல் ஆய்வு நடவாது என்பது சரியே. ஆவணக் கட்டும் கள ஊரும் நூலகத்தின் அடுக்கும் இன்றி வரலாறும் மானிடவியலும் நடவா என்பது அவ்விதிகளின் பார்வைக்கு எட்டவில்லை. மானுடவியல் துறைகளின் ஆய்வுத்தலைப்புகள் பல, பொருளின் தேவையால் அன்றிக் கிடைத்த சான்றுகளின் எல்லையால் மாற்றப்பட்டன. அக்காலத்தில் தொடங்கிய ஆய்வேடுகளில் அச்சான மூலங்களும் இணையத் தொகுப்புகளும் மிகுந்து, கள ஆய்வு குறுகியிருப்பதைப் பின்னாளில் வாசிப்போர் இப்பின்னணியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

அந்நாள்களில் ஆய்வாளரைத் தாங்கியவை எவை என்பதும் எண்ணத்தக்கது. தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘அபிலேக் படல்’, ஆய்வேடுகளின் களஞ்சியமான ‘சோத்கங்கா’, கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் ஆகியன பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, பரபரப்பின்றி, சிறுகச் சிறுகச் சேர்க்கப்பட்டவை. என்.பி.டி.இ.எல். விரிவுரைகளும் அவ்வாறே. நெருக்கடியில் பயன்பட்டவற்றுள் பெரும்பகுதி நெருக்கடிக்கு முன் உருவானதே.

இணையம் திறந்த கதவுகளையும் குறைத்து மதிப்பிடலாகாது. சிறு நகரக் கல்லூரியின் மாணவர் பயணச்செலவின்றிப் பெருநகரக் கருத்தரங்கில் வினா எழுப்ப முடிந்தது. அயல்நாட்டு வல்லுநர் வாய்மொழித் தேர்வில் அமர்வது எளிதாயிற்று. நடமாட்டத்தில் இடர்ப்பாடுடைய மாணவருக்குப் படிக்கட்டு தடையாக இல்லாத வகுப்பு முதன்முறையாகக் கிடைத்தது. வளாகங்கள் திறந்ததும் இவ்வசதிகளுள் பல சத்தமின்றித் திரும்பப் பெறப்பட்டன என்பதும் பதிவாக வேண்டும்.

திரும்புதலும் எஞ்சியதும்

2020 நவம்பரில் ஐம்பது சதவீத வருகையுடன் படிப்படியாகத் திறக்க வழிகாட்டுதல் வந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவசத் தரவு அட்டையை 9.69 லட்சம் கல்லூரி மாணவருக்கு அறிவித்தது. நிறுவனங்கள் மாணவரிடம் எதிர்பார்த்த இணைப்பு பொதுச்செலவில் தரப்பட வேண்டியது என்பதை ஏற்ற நடவடிக்கைகளுள் அது ஒன்று. ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் அலை வளாகங்களை மீண்டும் மூடியது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் சில வாரங்களில் பணியிலிருந்தோரும் ஓய்வுபெற்றோருமாகப் பல ஆசிரியர்களை இழந்தது. அங்குப் பரவும் வைரஸின் வகையை ஆராயுமாறு துணைவேந்தர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நேரடி வகுப்புகள் முழுமையாகத் திரும்பிய நாள் 2022 பிப்ரவரி 17. 2020இல் சேர்ந்த இளங்கலை மாணவர் அதற்குள் தம் மூன்றாண்டுப் படிப்பில் பாதியைத் திரையிலேயே கழித்திருந்தார்.

கொள்கை வேறு வேகத்தில் நகர்ந்தது. முழுமையான இணையவழிப் பட்டப்படிப்பு குறித்த அறிவிப்பு 2020 பிப்ரவரி 1 நிதிநிலை அறிக்கையிலேயே, பொதுமுடக்கத்திற்கு ஏழு வாரம் முன்னரே, இடம்பெற்றிருந்தது. முதல் நூறு இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்கள் இணையவழிப் படிப்புகளைத் தாமாகவே தொடங்கலாம் என மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஜூலை 29 அன்று ஒப்புதல் பெற்ற தேசியக் கல்விக் கொள்கையில் இணையவழிக் கல்விக்குத் தனிப்பகுதி உண்டு. 2021இல் ஸ்வயம் பாடங்களுக்கான வரம்பு 20இலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. 2022 நிதிநிலை அறிக்கை டிஜிட்டல் பல்கலைக்கழகத்தை அறிவித்தது. பெருந்தொற்று இத்திசையை உருவாக்கவில்லை. முன்பே இருந்த திசைக்கு வேகமும் நியாயமும் தந்தது. அந்த வேகத்தில், ஈராண்டு அனுபவம் யாரை விட்டுச் சென்றது என்ற கணக்கெடுப்பு பின்தங்கிவிட்டது.

அக்கணக்கெடுப்பை இனிச் செய்வது எளிதன்று. 2020-21இல் உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை 4.13 கோடியாக உயர்ந்ததாகக் கணக்கெடுப்பு காட்டுகிறது. சேர்க்கை எண்ணைக் கொண்டு மட்டும் எழுதப்படும் வரலாற்றில் இழப்பே இராது. எல்லோரும் வந்ததாகக் கருதலாம் என்ற விதி கருணையால் பிறந்தது. ஆயினும் வர இயலாதவரை ஆவணத்திலிருந்து மறைத்ததும் அதுவே. இணைந்தோர் பட்டியல்கள் கல்லூரிச் சேமிப்புகளில் இருக்கலாம். இணைய முடியாதவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களைப் பற்றிய சான்றுகள் வகுப்புத் தலைவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளிலும், ஆசிரியரிடம் மன்னிப்புக் கோரிய ஒலித்துணுக்குகளிலும், கலைக்கப்பட்ட வாட்ஸ்அப் குழுக்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசி மாறுந்தோறும் அவை அழிகின்றன.

ஆகவே இக்காலத்தின் வரலாற்றை எழுத விரும்பும் துறைகளுக்கு முதற்பணி தொகுப்பதே. ஒவ்வொரு கல்லூரியும் தன் 2020-22 சுற்றறிக்கைகளையும் கால அட்டவணைகளையும் வருகைக் கோப்புகளையும் காக்க வேண்டும். அக்காலத்தில் பயின்றோர், கற்பித்தோர், இடையில் நின்றோர் ஆகியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டப்பட வேண்டும். அதில் பட்டம் பெற்றோரைத் தேடுவதினும் பெறாதோரைத் தேடுவதற்குக் கூடுதல் உழைப்பு ஒதுக்கப்பட வேண்டும். அஞ்சல்வழிக் கல்வியின் பாடக்குறிப்புகள் முதல் நாடு தழுவிய வகுப்பறையின் நாடாக்கள் வரையிலான பழைய சேகரங்களும் அத்தொகுப்பின் பகுதியாக வேண்டும். அடுத்த முறை வளாகங்கள் மூடப்படும்போது எந்த வடிவத்தைத் தேர்வது என்ற முடிவு ஒரு வார இறுதிக்குள் எடுக்கப்படாமல் இருக்க, முன்னரே எழுதப்பட்ட வரலாறு ஒன்று அப்போது கையில் இருக்க வேண்டும்.